இழுவைக் கட்டிலின் பொத்தான்

ஒரு ஊரில் ஒரு மாடி இருந்தது. அந்த மாடியில் முதுகு வலிக்காரர்களுக்குச் சிகிச்சை நடந்தது. நடக்கவே திணறுகிறவர்கள் வர வேண்டிய இடத்தை மாடியில் கொண்டுபோய் வைத்த புத்திசாலி யாரென்று தெரியாது. ஏறி வருகிறவர்கள் முதலில் அவரைத் திட்டுவார்கள், அப்புறம்தான் வலியைச் சொல்வார்கள்.

அங்கே ஒரு இழுவைக் கட்டில். படுக்கிறவரின் மார்பை ஒரு பட்டை கட்டிலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இடுப்பை இன்னொரு பட்டை கவ்வும். கால்மாட்டில் ஒரு இயந்திரம் உட்கார்ந்து, இடுப்புப் பட்டையின் கயிற்றை மெல்ல இழுக்கும், தளர்த்தும், மறுபடி இழுக்கும். அப்போது, ஒன்றின் மேல் ஒன்று நெருக்கியடித்துக் கிடக்கும் முதுகெலும்புகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விழும். நடுவில் நசுங்கிப் பிதுங்கிப்போன ஜவ்வு அப்பாடா என்று மூச்சு விடும். கத்தி இல்லை, தையல் இல்லை. அவ்வளவுதான் வைத்தியம்.

இவற்றோடு ஒரு பொத்தானும் இருந்தது. நீள வயரின் நுனியில், கைக்கு அடக்கமாக, சிவப்புத் தலையோடு. அங்கே வைத்தியம் பார்த்த பெண்ணின் பெயர் ஜெபமலர். அவள் ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுத்து, "வலிச்சா அமுக்குங்க. மிஷின் நின்னுரும், மணி அடிக்கும், நான் வந்துருவேன்" என்பாள். பிறகு திரையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள்.

பொத்தானை யாரும் அமுக்கியதில்லை. பக்கத்துக் கட்டிலுக்கும் இதே போல ஒரு பொத்தான் உண்டு. அது நாளெல்லாம் கிணிங் கிணிங் என்று அடித்துக்கொண்டிருக்கும். இதற்கு மட்டும் அப்படி ஒரு ராசி.

"உன்னை எதுக்குத்தான் வச்சிருக்காங்களோ" என்றது இயந்திரம். அதற்கு எப்போதும் இதே பேச்சு. "நான் இழுக்கேன். பட்டைங்க பிடிக்குதுங்க. நீ என்ன பண்ணுத? ஆளு கையில சும்மா படுத்திருக்க."

"யாராவது அமுக்கினாத்தானே நான் பேச முடியும்? எனக்குத் தனியா வாய் இருக்கா?"

"அமுக்கலைன்னா வலிக்கலைன்னு அர்த்தம். நான் அவ்வளவு பக்குவமா இழுக்கேன்."

இதற்கு மேல் பேசிப் பிரயோசனமில்லை என்று பொத்தான் விட்டுவிடும். வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டால், மறுநாள் காலை வரை சுவரைப் பார்த்துக்கொண்டு தொங்க வேண்டும். அந்தத் தொங்கல் அதற்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் அந்தப் படிகளில் பேச்சிமுத்து ஏறி வந்தார். வீடு வீடாக சிலிண்டர் போடுகிறவர். தோளில் சிலிண்டரோடு மாடி மாடியாக ஏறி இறங்கியவருக்கு, இப்போது வெறுங்கையோடு ஒரு மாடி ஏறக் கைப்பிடிச் சுவர் வேண்டியிருந்தது. வலது கால் மரத்துப்போய் இழுத்து இழுத்து வந்தது.

"வாங்க அண்ணாச்சி" என்றாள் ஜெபமலர். "கூட யாரும் வரலையா?"

"வந்திருக்காங்கம்மா. கீழ வண்டியப் பாத்துக்கிட்டு நிக்காங்க."

பொய். கீழே அவருடைய பழைய மொபெட்டைத் தவிர ஒரு ஈ காக்காய் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன, பிள்ளை இல்லை. அந்த ஊரில் அவர் நுழையாத அடுப்படி இல்லை. ஆனால் அவர் பெயர் தெரிந்த வீடு ஒன்றுகூட இல்லை. "சிலிண்டர்காரர் வந்திருக்காரு" என்பார்கள், "அந்த மூலையில வச்சிருங்க" என்பார்கள், கதவு சாத்திக்கொள்ளும். ஊருக்கெல்லாம் அடுப்பெரியக் கொண்டுபோய்க் கொடுத்த மனுஷர் சாப்பிடுவது மெஸ்ஸில். அவர் வீட்டு சிலிண்டர் மட்டும் தீரவே தீராது.

பெரிய டாக்டர் அவரிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: "ஜவ்வு நரம்பை அமுக்குது. இழுவை வச்சுப் பாப்போம். கேக்கலைன்னா ஆபரேஷன்தான். அதுக்கு வரும்போது கூட ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வாங்க."

ஆபரேஷன் என்றதும் பேச்சிமுத்து பயப்படவில்லை. கூட ஒரு ஆள் என்றதும்தான் பயந்தார். யாரைக் கூட்டிக்கொண்டு போவது? ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு ஜன்னலிலும் கேட்பார்களே, கூட யாரு, கூட யாரு என்று. என்ன சொல்வது? அதனால் இந்த இழுவையிலேயே எப்படியாவது குணமாகிவிட வேண்டும் என்று வைராக்கியமாக வந்து படுத்தார். பட்டைகள் இறுகின. பொத்தான் அவர் உள்ளங்கைக்குள் போனது.

அடேயப்பா, என்ன கை! காய்த்துப்போய், விரல் மடக்கினால் கரகரவென்று. இந்தக் கட்டைவிரல் ஒரு தட்டுத் தட்டினால் ஊருக்கே கேட்கும் என்று பொத்தானுக்கு ஒரே குஷி.

சற்று நேரத்தில் ஜெபமலர் வந்து எட்டிப் பார்த்தாள். "எப்படி இருக்கு அண்ணாச்சி? வலிக்கா?"

"இல்லம்மா. இன்னுங் கொஞ்சம் கூட்டுங்க. தாங்கும்."

அவள் கூட்டினாள். அடுத்த முறை வந்தபோதும் அதே கேள்வி, அதே பதில். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. படியேறி மூச்சு வாங்க நிற்கும்போது "ரொம்ப வெயிட்டா இருக்கா?" என்று எந்த வீட்டிலாவது கேட்டால், அவர் இத்தனை காலமும் சொல்லிவந்த பதில் அது ஒன்றுதான். இல்லம்மா. வாய்க்கு வேறு பதில் வராது.

போதாததற்கு, இழுவையின் எடையைக் கிலோக் கணக்கில்தான் சொன்னார்கள். கிலோ என்றால் அவருக்குச் சுமை. எவ்வளவுக்கெவ்வளவு அதிகம் சுமக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் வேலை முடியும் என்று கணக்குப் போட்டுவிட்டார். அந்தத் தொழிலில் இன்னொரு சட்டமும் உண்டு. பாதிப் படியில் சிலிண்டரைக் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் மறுபடி தோளுக்கு ஏறாது. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போய்த்தான் இறக்க வேண்டும். கையிலிருந்த பொத்தானை அமுக்குவது அவருக்குப் பாதிப் படியில் இறக்குகிற மாதிரி.

நாள் போகப் போக எடை ஏறியது. வலியும் ஏறியது.

"ஏய், இந்த ஆளு உடம்பு ஏன் இப்படி விறைக்குது?" என்றது மார்புப் பட்டை. "என்னைப் பிய்ச்சிருவாரு போல."

"இங்கயும் அப்படித்தான். இடுப்பு கல்லு மாதிரி இருக்கு" என்றது இடுப்புப் பட்டை.

"ரெண்டு பேரும் சும்மா கெடங்க" என்றது இயந்திரம். "நல்ல கெட்டி ஆளு. வாயத் தொறக்காரா பாத்தீங்களா? இப்படி ஒருத்தருக்கு இழுக்கணும்னு எத்தனை நாளா ஆசைப்பட்டேன் தெரியுமா!"

பொத்தானுக்குத்தான் உண்மை தெரியும். கட்டைவிரல் அதன் தலை மேலேயே இருந்தது. ஈரமாக இருந்தது. கயிறு இறுகும்போதெல்லாம், இடுப்பிலிருந்து குதிகால் வரை தீக்கொள்ளி ஒன்று ஓடுவதை அந்த விரலின் நடுக்கத்திலேயே பொத்தான் கண்டுகொண்டது.

"அமுக்குமய்யா!" என்று கத்தியது. "ஒரு தட்டு! என்ன, ஊரே கூடிச் சிரிச்சிருமா? கல்லுளிமங்கா, அமுக்கு!"

அவருக்குக் கேட்கவில்லை. சாமான்கள் பேசுவது மனிதருக்கு எங்கே கேட்கிறது? மனிதர் பேசுவதே மனிதருக்குக் கேட்பதில்லை.

சிகிச்சை முடிந்து அவர் எழுந்து, சுவரைப் பிடித்து நின்று, "ரொம்ப நன்றிம்மா" என்பார். "கீழ இருக்கவங்கள மேல வந்து உக்காரச் சொல்லுங்களேன், அண்ணாச்சி. வெயில்ல ஏன் நிக்காங்க?" என்பாள் அவள். "அவங்களுக்குக் கூச்சம்மா" என்பார். இல்லாத ஆளுக்குக் கூச்சம் வேறு.

பொத்தான் ஆணியில் தொங்கும்போது அழாத குறை. இத்தனை நாள் தனக்குத்தான் யாருமில்லை என்று அது நினைத்திருந்தது. இப்போது வேறொருவருக்காகவும் சேர்த்துத் தொங்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலை. பேச்சிமுத்து கட்டிலில் கிடந்தார். இயந்திரம் மும்முரமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது பாதம் அவருக்குச் சொந்தமில்லாதது போல் ஆகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் படிதான், இன்னும் கொஞ்சம் படிதான் என்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரைக்கு அந்தப் பக்கம் கிணிங் என்று மணி அடித்தது. ஜெபமலர் செருப்பு சப்தத்தோடு ஓடினாள்.

"என்னாச்சு ராஜகனியக்கா? கழுத்து வலிக்கா?"

"வலியெல்லாம் இல்லட்டி. மூக்கு அரிக்கி. கையைத் தூக்கினா இந்தப் பட்டை தாடையைப் பிடிச்சு இழுக்கு."

"மூக்குக்கா மணியடிச்சீங்க!" என்று ஜெபமலர் சிரித்தாள். கோபமே இல்லை. "இருங்க, துண்டு எடுத்துட்டு வாரேன்."

பேச்சிமுத்து இதைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். மூக்கு அரித்தால்கூட அமுக்கலாமா? அமுக்கினால் ஆள் வருமா? அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எத்தனை வீட்டு வாசலில் அழைப்புமணியை அவர் அமுக்கியிருப்பார்! கதவு திறந்ததெல்லாம் சிலிண்டருக்காக. இவருக்காக என்று ஒரு கதவு திறந்து அவர் பார்த்ததில்லை.

இருந்தும் கட்டைவிரல் பொத்தான் மேல் கனத்தது. பொத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

கிணிங்.

இயந்திரம் சட்டென்று நின்றது. கயிறு தளர்ந்தது. பட்டைகள் இரண்டும் விட்ட பெருமூச்சு அறை முழுக்கக் கேட்டிருக்கும், கேட்கக் காது இருந்திருந்தால். செருப்பு சப்தம் ஓடி வந்தது. திரை விலகியது.

"என்ன அண்ணாச்சி? வலிக்கா?"

"இல்ல..." என்று வாய் தன் பழக்கத்துக்குத் தொடங்கிவிட்டது. பிறகு நின்றது. கண் கலங்கியது. "வலிக்கும்மா. முதல் நாள்ல இருந்தே வலிக்கி."

"அட சாமீ! அப்ப எதுக்குக் கூட்டுங்க கூட்டுங்கன்னீங்க?" என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அவர் வயிற்றையும் தொடையையும் தொட்டுப் பார்த்தாள். "இப்படி விறைச்சுக்கிட்டுக் கெடந்தா மிஷின் எவ்வளவு இழுத்தாலும் எலும்பு விலகுமா? நீங்க சுமக்கீங்க அண்ணாச்சி. இங்க சுமக்கக் கூடாது. உடம்பை லேசா விட்டாத்தான் உள்ள இடம் கெடைக்கும். எம்மேலயும் தப்புதான், கையை வச்சுப் பாத்திருக்கணும். நீங்க சொன்னத நம்பிட்டேன்."

இயந்திரத்துக்கு இது பேரிடி. இத்தனை நாள் இழுத்த இழுப்பு அத்தனையும் வீணா?

"இருங்க, கீழ இருக்கவங்கள மேல கூப்பிடுதேன். இதை அவங்ககிட்டயும் சொல்லி வச்சாத்தான் சரிப்படும்" என்று ஜெபமலர் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அம்மா" என்றார் பேச்சிமுத்து.

அவள் நின்றாள்.

"கீழ யாரும் இல்லம்மா."

அவள் ஜன்னலுக்குப் போகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். எடையைப் பாதிக்குக் கீழே குறைத்தாள். "மூச்சை மெதுவா விடுங்க. உங்க பேரு பேச்சிமுத்துதானே? சரி, பேச்சிமுத்து அண்ணாச்சி, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

கயிறு மெல்ல இறுகியது. கல்லாகக் கிடந்த இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. உள்ளே எங்கோ, நெருக்கியடித்துக் கிடந்த இரண்டு எலும்புகள் முதல் தடவையாக ஒன்றுக்கொன்று இடம் விட்டன. அந்த மனுஷர் அப்படியே தூங்கிப்போனார். பொத்தான் அவர் கைக்குள் தளர்ந்து கிடந்தது. அப்படிக் கிடப்பது அதற்கும் புதுசு.

அதற்குப் பிறகு வைத்தியம் பிடித்தது. கால் மரப்பு விட்டது. ஆபரேஷன் வேண்டாம் என்று பெரிய டாக்டரே சொல்லிவிட்டார். "உனக்குப் பேச வருமுன்னு இப்பத்தான் தெரியுது" என்று இயந்திரம் ஒருநாள் பொத்தானிடம் முனகியது. அதன் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிசு.

கடைசி நாள். பேச்சிமுத்து சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்றார். சட்டையை மாட்டினார். பிறகு தயங்கித் தயங்கி, ஆணியில் மாட்டப்போன பொத்தானை ஜெபமலர் கையிலிருந்து வாங்கி, சிவப்புத் தலையைக் கட்டைவிரலால் தடவினார்.

"இதை மட்டும் கழட்டித் தர முடியுமாம்மா? வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"வீட்டுல வச்சு என்ன பண்ணுவீங்க? இழுக்க மிஷின் வேணாமா?" என்று ஜெபமலர் விழுந்து விழுந்து சிரித்தாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து ராஜகனியும் சிரித்தாள். பேச்சிமுத்தும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, பொத்தானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படி இறங்கிப் போனார்.

பொத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அதற்கு அந்தக் கட்டைவிரலைத் தெரியும்.