உப்பில்லா நடை

சீடர் என்றதும் யாரும் அரும்பு மீசைக்காரனை நினைத்துக்கொள்ள வேண்டாம். சோலைமணிக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய குருசாமி வீரபத்திரனுக்கு நாற்பத்தாறு. மலைக்குப் பாதயாத்திரை போகிற கூட்டத்தில் வயதையா பார்க்கிறார்கள்? முன்னால் நடக்கிறவர் குருசாமி. பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் சாமி.

பங்குனி வெயிலில் ஏழு நாள் நடை. வெறுங்கால், தார்ரோடு. அந்த ரோட்டில் எத்தனையோ கூட்டம் போகும். வீரபத்திரன் கூட்டத்துக்கு மட்டும் தனிப் பெயர் உண்டு. உப்பில்லா நடை. காப்புக் கட்டியதிலிருந்து மலையேறி இறங்குகிற வரைக்கும் யாரும் நாக்கில் உப்பு வைக்க மாட்டார்கள். சாம்பாரில் கிடையாது, மோரில் கிடையாது. பன்னிரண்டு பேராக இருந்த கூட்டம் நூற்றுப்பத்து பேராகப் பெருகியதே அந்த வைராக்கியத்தைக் கேள்விப்பட்டுத்தான்.

குருசாமி அதிகம் பேசமாட்டார். எதையாவது கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். அதில் ஏதோ பெரிய அர்த்தம் இருக்கிறது என்று கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நம் ஜனங்களுக்கு, பேசாதவர் மேல் அப்படி ஒரு மயக்கம்.

சோலைமணிக்கு முழங்கால் தேய்ந்துபோனதால் நடக்க முடியாது. மொபெட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கேனைக் கட்டிக்கொண்டு முன்னால் போவார். மைலுக்கு ஒரு தரம் நிறுத்தி, வருகிறவர்களுக்குச் சொம்பில் ஊற்றிக் கொடுப்பார். கூட்டத்தில் அவருக்குத் தண்ணிச் சாமி என்றே பெயர்.

போன வருசம் இதே நடையில், நாலாம் நாள், அவர் மனைவி பஞ்சவர்ணம் செத்துப்போனார். தலை வலிக்கிறது என்றார். வாந்தி எடுத்தார். கை வீங்கியிருந்தது. சம்பந்தமில்லாமல் ஏதேதோ பேசினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது வலிப்பு வந்தது. உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து சோலைமணியிடம் ஒரே கேள்விதான்.

"குருசாமி, வெயில்ல தண்ணி கெடைக்காமச் செத்தான்னா நான் ஒத்துக்குவேன். வயிறு முட்டக் குடிச்சவ எப்படி சாமி சாவா? மத்தவகளுக்கு ஒரு சொம்புன்னா அவளுக்கு ரெண்டு குடுத்தேனே."

குருசாமி கண்ணை மூடிக்கொள்வார்.

பதினாறாம் நாள் காரியத்தில் கேட்டார். ஆடியில் ஒரு தரம் வீட்டுக்கே போய்க் கேட்டார். இந்த வருசம் காப்புக் கட்டக் கையை நீட்டியபோதும் கேட்டார். ஒரு தடவையும் பதில் இல்லை. அந்தப் பாழாய்ப்போன மௌனத்தை வைத்துக்கொண்டு மனுசன் என்ன செய்வார்? விதி என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை.

இந்த வருசம் ஐந்தாம் நாள் மத்தியானம். ஒரு தென்னந்தோப்பில் கூட்டம் இறங்கியிருந்தது. சமையல்காரர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். காத்தாயி என்கிற பெண், பம்ப்செட் சுவரில் சாய்ந்தபடி சரிந்து உட்கார்ந்தாள்.

அவள் புருசன் தென்னை மரத்திலிருந்து விழுந்து எட்டு மாசமாகப் படுக்கை. அவன் எழுந்து நிற்க வேண்டும் என்றுதான் அவள் நடந்தாள். வெயில் தாங்க மாட்டாளே என்று சோலைமணி காலையிலிருந்து அவளுக்கும் இரண்டு சொம்பு கொடுத்துக்கொண்டு வந்தார்.

"தலையப் பொளக்குது தண்ணிச் சாமி."

"வெயிலுதான் தாயி. இன்னுங் கொஞ்சம் குடி."

குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தாள். கை வீங்கி, கண்ணாடி வளையல் மணிக்கட்டில் பதிந்து கிடந்தது. அவள் சோலைமணியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"கண்ணப்பா, மாட்ட அவுத்துக் கட்டு. மழ வருது பாரு."

கண்ணப்பன் அவள் புருசன். அவன் பெயரை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

சோலைமணி அவள் கையைப் பார்த்தார். போன வருசம் பார்த்த அதே வீக்கம். அதே உளறல். அவர் ஓடிப்போய்ச் சொம்பை நிறைத்துக்கொண்டு வந்தார்.

"குடி ஆத்தா, குடி. எனக்காகக் குடி."

யாரோ வேகமாக வந்தார்கள். சொம்பு பறந்துபோய்ச் சுவரில் மோதி விழுந்தது. சோலைமணி திரும்பிப் பார்த்தார். தட்டிவிட்டது குருசாமி.

"தண்ணி குடுக்காதீங்க."

"உசுரு போகப்போகுது குருசாமி!"

"தெரியும். அதான் குடுக்காதீங்கங்கிறேன்."

குருசாமி ரோட்டுக்கு ஓடினார். அங்கே ஒரு அம்மாள் வெள்ளரிக்காய் கீறி விற்றுக்கொண்டிருந்தாள். அவள் டப்பாவிலிருந்து ஒரு கை கல்லுப்பை அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு டம்ளர் வடிகஞ்சியை வாங்கி, நாலு கல்லுப் போட்டு விரலாலேயே கலக்கினார். நூற்றுப்பத்து பேரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது முதல் வாயைத் தானே குடித்தார்.

"ஐயையோ, விரதம் போச்சே!" என்று ஒரு பெரியவர் தலையில் கை வைத்தார்.

டம்ளரைக் காத்தாயி வாயருகே கொண்டுபோனார்கள். புத்தி பேதலித்த நேரத்திலும் அவளுக்கு அது மட்டும் தெரிந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"உப்பு வேணாம். அவரு எந்திரிக்கணும்."

குருசாமி அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

"நான் சொல்றதக் கேளு தாயி. பத்தொம்பது வருசத்துக்கு முந்தி பன்னெண்டு பேரு நடந்தோம். ரெண்டாம் நாளு கோடமழை. வண்டியில இருந்த உப்பு மூட்டை கரைஞ்சு ஓடிருச்சு. வழியில கடையும் இல்ல. ஒரு நாளு வெறுஞ்சோறு தின்னோம், அம்புட்டுத்தான். மறுவருசம் ஒருத்தரு வந்து, நீங்க உப்பில்லாம நடக்குறவுகளாமேன்னு என் கால்ல விழுந்தாரு. நான் இல்லேன்னு சொல்லல."

பெரியவர் தலையிலிருந்து கையை எடுத்தார்.

"சாமி உப்ப விடுன்னு கேக்கல. எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. நான் வாய மூடிக்கிட்டு இருந்ததுல வந்தது இது. ஒன் வேண்டுதலுக்கு ஒண்ணும் ஆகாது. குடி."

அவள் எதைப் புரிந்துகொண்டாளோ தெரியாது. குருசாமி அழுதுகொண்டிருந்தார், அதைப் பார்த்து வாயைத் திறந்திருப்பாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். அதற்குள் யாரோ ஒரு காரை மறித்துக் கொண்டுவந்தார்கள். கூட்டத்தில் நடந்து வந்த அவள் அண்ணனும் ஏறிக்கொண்டான்.

குருசாமி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"டாக்டர்கிட்ட மறைக்காமச் சொல்லு. அஞ்சு நாளா உப்பே இல்ல, வேர்வையா ஊத்துச்சு, வெறுந்தண்ணியாக் குடிச்சான்னு சொல்லு. மொத வார்த்த அதச் சொல்லு."

சோலைமணி பக்கத்தில்தான் நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

சாயங்காலம் அண்ணன்காரன் போன் பண்ணினான். உப்பு மருந்து ஏற்றினார்களாம். கண் விழித்துவிட்டாளாம். வீட்டில் அவருக்கு யார் கஞ்சி கொடுத்தது என்று கேட்டாளாம். கூட்டமே கையெடுத்துக் கும்பிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். விரதம் போச்சே என்ற பெரியவர்கூட ஒரு வெள்ளரிக்காயை வாங்கி உப்புத் தொட்டுத் தின்றார்.

சோலைமணி அங்கே இல்லை. தோப்புக்கு வெளியே, வாய்க்கால் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு பொண்ணு பிழைத்த சேதி கேட்டு ஒரு மனுசனுக்கு இப்படி வயிறு எரியுமா என்று அவருக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் எரிந்தது.

குருசாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு டம்ளரு கஞ்சி," என்றார் சோலைமணி. "நாலு கல்லு உப்பு. அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்ணே."

குருசாமி அவரை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வருசம் டாக்டரம்மா என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாக. வேர்வையோட உப்பு பூராம் போயிருச்சு, மேல மேல தண்ணிய ஊத்தி மிச்சம் மீதியையும் கரைச்சுட்டீங்கன்னு சொன்னாக."

"நான் ஊத்துன தண்ணி."

"நீங்க உப்பு இருக்குற ஒடம்புல ஊத்தலண்ணே. அந்த ஒடம்புல உப்பில்லாமப் பண்ணுனது நானு."

சோலைமணி மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு வருசமாத் தெரியும். அப்புறமும் இந்த வருசம் காப்புக் கட்டுனீங்க."

"நூத்திப்பத்து பேரு மஞ்சத்துணியோட வந்து நின்னாக. இது பூராம் பொய்யின்னு எந்த வாயால சொல்றது? இந்த ஒரு வருசம் போகட்டும், அடுத்த வருசம் சொல்லிக்கிருவோம்னு நெனச்சேன். அதுவுமில்லாம, சொன்னா ஒங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

சோலைமணி சிரித்தார். அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. வாய் கோணியது, கண்ணில் தண்ணீர் ஓடியது.

பிறகு, யாரிடமும் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"மூணாம் நாளு ராத்தங்கல்ல அவ என்னக் கேட்டா. ஒரே ஒரு துண்டு ஊறுகா குடுங்க, நாக்கு அதுக்கு அலையுதுன்னு கேட்டா. முப்பத்தாறு வருசத்துல அவ என்கிட்ட இது வேணும்னு வாய்விட்டுக் கேட்டதில்ல. எனக்கு மனசு கேக்காம ஒங்ககிட்ட ஓடியாந்தேன். குடுக்கலாமா குருசாமின்னு கேட்டேன். ஞாவகம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க ஒண்ணும் சொல்லல. நான் திரும்பிப் போயி, பொறுத்துக்க, குருசாமி வேணாங்கிறாருன்னு சொல்லிட்டேன். சரிங்கன்னு படுத்துக்கிட்டா."

குருசாமி தலை குனிந்திருந்தார்.

"குடுங்கன்னு அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா?"

குருசாமி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"மதினி இருந்திருப்பாக."