திருநீற்றுப்பச்சையில் பின்னிய கூடு

குளத்தின் மேல் சாய்ந்து நின்ற கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கின. மரத்தின் அடியில், தண்ணீருக்குள், சம்புக் கோரைக் காடு. ஆள் உயரத்துக்கு வளர்ந்த இலைகள், நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு தடித்த கதிர். பூ என்று சொல்லிக்கொள்ள அதற்கு அவ்வளவுதான். மணமும் கிடையாது. சேற்று நாற்றம் வேண்டுமானால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆனாலும் அந்த மரத்துக் குருவிகளுக்குச் சம்புதான் எல்லாம். ஆண் குருவி சம்பு இலையின் ஓரத்தைக் கடித்துப் பிடித்துக்கொண்டு விருட்டென்று மேலே பறக்கும். நீளமாக ஒரு நார் கிழிந்து கூடவே வரும். அதைக் கிளையில் முடிந்து, வளையம் பின்னி, பாதிக் கூட்டைத் தொங்கவிட்டுக் காத்திருக்கும். பெண் குருவி வந்து வளையத்தில் உட்கார்ந்து அலகால் நாலு இழு இழுத்துப் பார்க்கும். அவிழவில்லை என்றால்தான் சம்மதம். மீதிக் கூட்டை அதற்குப் பிறகுதான் ஆண் கட்டி முடிக்க வேண்டும். பெண் வேண்டாம் என்று போய்விட்டால் அந்தப் பாதிக் கூடு சும்மா ஆடிக்கொண்டிருக்கும். கட்டியவன் பக்கத்துக் கிளைக்காரர்களை நிமிர்ந்து பார்க்க முடியாமல் திரிவான்.

வேலப்பன் என்ற குருவிக்குப் போன வருஷம் அப்படித்தான் ஆயிற்று. எத்தனையோ கூடு கட்டினான். ஒருத்திகூட உள்ளே வந்து உட்காரவில்லை. மற்றக் கூடுகளில் குஞ்சுகள் கத்தும்போது அவன் மட்டும் கிளை நுனியில் தனியாக உட்கார்ந்திருந்தான். இந்த வருஷமும் அப்படி உட்கார அவனால் முடியாது. மனசு விட்டுப்போகும்.

ஒருநாள் காலையில் இரை தேடப் போனவன், கரையோரத்து வீட்டுத் தோட்டத்தில் திருநீற்றுப்பச்சையைக் கண்டான். பாத்தி நிறையப் பூத்திருந்தது. வெள்ளையும் ஊதாவுமாகக் கதிர் கதிராகப் பூ. தேனீக்கள் மொய்த்துக் கிடந்தன. கொஞ்சம் உரசினாலே மணம் தோட்டம் முழுக்கப் பரவிற்று. வேலப்பன் கிறங்கிப் போனான்.

'அடடா! செடி என்றால் இது செடி. நாம் சேற்றுச் சம்பைக் கட்டிக்கொண்டு அழுகிறோமே. இதில் கூடு கட்டினால் எவள் வேண்டாம் என்பாள்?' என்று நினைத்துக்கொண்டான்.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினான். தண்டைக் கீறித் தோலை உரித்தான். நார் நீளமாக வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. துண்டோடு துண்டு முடிந்து ஒப்பேற்றினான். இடையிடையே பூங்கதிரைச் செருகினான். பச்சையாக இருந்ததால் எல்லாம் வளைந்து கொடுத்தது. மரமே கோயில் வாசல் மாதிரி மணத்தது.

சம்புக்குள் குடியிருந்த கானாங்கோழி கழுத்தை நீட்டி மேலே பார்த்தது. அது வாயாடிதான், ஆனால் பொய் பேசாது.

"ஏப்பா வேலப்பா, அது தோட்டத்துச் செடியாச்சே. ஒரு நாள் தண்ணி ஊத்தலேன்னா தலையத் தொங்கப் போட்டுரும். அதப் போயி முடிச்சுக்கு வச்சிருக்கியே?"

"உங்க சம்பு மட்டும் என்னக்கா? பாக்க ஒரு லட்சணம் உண்டா?"

"லட்சணமெல்லாம் இல்லதான். வெள்ளத்துலயும் நிக்கும், வெயில்லயும் நிக்கும். காஞ்சாலும் நார் அறாது. அது போதும்னு நாங்க இருக்கோம்."

வேலப்பன் இன்னொரு பூங்கதிரை எடுத்துச் செருகினான். சேற்றில் கிடப்பவளுக்குப் பூவைப் பற்றி என்ன தெரியும் என்று அலட்சியமாக விட்டுவிட்டான்.

மறுநாள் தவிட்டாயி வந்தாள். தவிட்டு நிறத்தில் அடக்கமான குருவி. மரத்தில் உள்ள கூடுகளை எல்லாம் ஒன்றொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தவள், வேலப்பன் கூட்டின் அருகில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். மணம் அவளை இழுத்தது. வளையத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்துவிட்டாள். பிறகு வழக்கப்படி முடிச்சைப் பிடித்து இழுக்க அலகை நீட்டினாள்.

வேலப்பனுக்குப் பகீரென்றது. துண்டு துண்டாய் முடிந்த நார் அல்லவா?

"இழுக்காத புள்ள, பூவெல்லாம் உதிர்ந்துரும்" என்றான்.

தவிட்டாயி அலகை மடக்கிக்கொண்டாள். பூ உதிர்ந்துவிடக் கூடாது என்று அவளுக்கும் தோன்றியிருக்கிறது. சரி என்று தலையாட்டிவிட்டாள். வேலப்பன் சந்தோஷத்தில் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டான். மீதிக் கூட்டையும் அதே செடியில் கட்டி முடித்தான். தவிட்டாயி முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்தாள்.

சில நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு பூ வாடியது. இலை சுருண்டது. தண்டுத் தோல் காய்ந்து முறுகியது. ஒரு மத்தியானம் தவிட்டாயி உள்ளே திரும்பி உட்கார்ந்தபோது, மேலே முடிச்சில் சடக் என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் கவனிக்கவில்லை. வெளியே இருந்த வேலப்பனுக்கு மட்டும் கேட்டது.

அப்போதே அவன் சொல்லியிருக்கலாம். சொல்ல நா எழவில்லை. காய்ந்த பூவைப் பார்த்தால் இவள் போய்விடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம். ஏமாற்றிவிட்டோமே என்ற கூச்சம் ஒரு பக்கம். நேராகத் தோட்டத்துக்குப் பறந்தான். புதுப் பூங்கதிராகப் பறித்து வந்து, வாடியது தெரியாதபடி மேலே செருகி மூடினான். அடுத்த நாளும் செருகினான். அதற்கடுத்த நாளும் அதே வேலைதான். முடிச்சோ இற்றுக்கொண்டு வந்தது, கூடோ கனத்துக்கொண்டு வந்தது. இதை யோசிக்க அவனுக்கு மனம் இல்லை.

மற்ற ஆண்கள், ஒருத்தி அடைகாக்க உட்கார்ந்ததும் அடுத்த கூடு கட்டப் போய்விடுவார்கள். தூக்கணாங்குருவிகளின் வழக்கம் அது. வேலப்பன் எங்கும் போகாமல் பூவும் கையுமாக அலைவதைப் பார்த்துத் தவிட்டாயி பூரித்துப் போனாள். "இந்த மரத்துலயே என் வீட்டுக்காரரு மாதிரி யாரும் இல்ல" என்று பக்கத்துக் கூட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னாள். அது காதில் விழுந்தபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கீழே தண்ணீரில் சருகாக வந்து விழுவதைக் கானாங்கோழி பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தவிட்டாயி இரை தேடப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவனை அழைத்தது. இந்த முறை அது கேலி பேசவில்லை.

"முடிச்சு தாங்காதுப்பா. ரெண்டு சம்பு நாரைக் கிழிச்சு மேல சுத்திக் கட்டிரு. இப்பவே கட்டு."

"கட்டினா பச்சையா பட்டை போட்ட மாதிரி பளிச்சுன்னு தெரியுமேக்கா. ஏன்னு கேப்பா."

"கேட்டா உள்ளதச் சொல்லு."

வேலப்பன் சம்பு இலையைப் பார்த்தான். கிளையிலிருந்து ஒரு தாவல்தான். அலகால் கிள்ளி ஒரு முறை மேலே பறந்தால் போதும். 'குஞ்சு பொரிக்கட்டும், அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அதுவரை தாங்காதா என்ன?' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடி தோட்டத்துக்கே போனான்.

அவன் அலகு நிறையப் பூவோடு திரும்பி வரும்போது காற்று எழுந்தது. பெரிய புயல் ஒன்றும் இல்லை. மழைக்கு முன்னால் வழக்கமாக வீசும் காற்றுதான். மரத்தில் இருந்த கூடுகள் எல்லாம் ஆடின. ஆடிவிட்டு நின்றன. வேலப்பன் கூடு மட்டும் முடிச்சோடு கழன்று, சம்பு இலைகளில் மோதிப் பிய்ந்து, தண்ணீரில் விழுந்தது. தவிட்டாயி இரை தின்றுவிட்டு வந்து சேர்ந்தபோது கிளையில் ஒன்றும் இல்லை. தண்ணீரின் மேல் பூக்கள் மிதந்தன. முட்டைகள் எங்கே போயின என்றே தெரியவில்லை.

கானாங்கோழி சம்புத் தூர்களுக்கு இடையே முங்கி முங்கித் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. கரையேறி வந்து நின்றது.

தவிட்டாயி வெறும் கிளையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தாள். வேலப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க மனசு ஒடஞ்சு போயிராதீங்க. காத்தடிச்சா நாம என்ன செய்ய முடியும்? நீங்களும் தெனமும் பூ வச்சு எப்படியெல்லாம் பாத்துக்கிட்டீங்க" என்றாள்.

இதைக் கேட்டதும் வேலப்பனால் தாங்க முடியவில்லை. முடிச்சு முறிந்த சத்தத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வாடியதை மறைக்கத்தான் பூ வைத்தேன் என்றான். அன்றைக்கு இழுக்க வேண்டாம் என்று தடுத்ததும் பூவுக்காக இல்லை என்றான். பக்கத்தில் இருந்த சம்பைக் கிள்ளாமல் தோட்டத்துக்குப் போனதையும் சொன்னான்.

தவிட்டாயி கடைசிவரை கேட்டாள்.

"பூ வாடிருச்சுன்னு நான் போயிருவேன்னா நெனச்சீங்க?" என்றாள். "உள்ள இருந்தது என் முட்டைங்க. முடிச்சு விட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே சம்பு நாரைக் கிழிச்சுட்டு வந்து கட்டியிருப்பேனே."

சொன்னதும் இறக்கையை விரித்தாள். குளத்தைத் தாண்டி, எதிர்க்கரைப் பனைமரங்களைப் பார்த்துப் பறந்து போய்விட்டாள்.

வேலப்பன் அதற்குப் பிறகு சம்பு நாரிலேயே ஒரு கூடு பின்னினான். நன்றாகவே பின்னினான். மழை அடித்து ஓய்ந்தது, காற்று அடித்து ஓய்ந்தது, கூடு அசையவில்லை. பார்க்க வந்த பெண் குருவிகளிடம் அவனே "நல்லா இழுத்துப் பாருங்க" என்று சொன்னான். ஆனால் எவளாவது உள்ளே உட்கார்ந்தால், அவன் கண் எதிர்க்கரைக்குப் போய்விடும். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களும் எழுந்து போனார்கள். அந்த வருஷமும் அவன் கூட்டில் யாரும் குடிவரவில்லை.

மணக்கிறது என்பதற்காகத் தாங்காததைத் தேர்ந்தெடுப்பது ஒரு தவறுதான், ஆனால் அது தாங்காது என்று தெரிந்த பிறகும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் வீட்டையே விழ வைக்கும்.