நாக்குக்கு வராத கசப்பு

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய மடம். அதன் தலைவி உலகம்மைக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த திருமேனிநாதனுக்கு அறுபத்திரண்டு. கல்லூரியில் முப்பது வருஷம் தருக்கம் சொல்லிக்கொடுத்தவர். பொருள்களின் குணங்களை வகை பிரித்து ஒரு பெரிய நூல் எழுதி முடித்திருந்தார். அச்சுக்குக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

ஒரு மாதப் பிறப்பன்று காலை, அந்தக் கையெழுத்துக் கட்டோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

உள்ளே உலகம்மை அண்டாவில் புளிக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். மாதப் பிறப்புக்கு ஊருக்கே சோறு போடுவார்கள். தலைவியே சமைப்பது வழக்கம்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க ஐயா.”

“சுவை ஆறுன்னு எழுதி வச்சிருக்கேன். நேத்து ஒரு நெல்லிக்காய் தின்னேன். வாயில பட்டது வேற, நான் எழுதினது வேற. இந்தப் பேரெல்லாம் வெறும் கூடுன்னு தோணுது. இந்தக் காகிதக் கட்டை ஆத்துல விட்டுரலாம்னு இருக்கேன்.”

உலகம்மை கரண்டியில் கொஞ்சம் குழம்பை எடுத்து நீட்டினார்.

“முதல்ல இதைப் பாருங்க.”

“நானா? நீங்க பார்த்தாப் போதாதா?”

“போன மாசக் காய்ச்சலோட என் நாக்கு செத்துப்போச்சு. உப்பும் சீனியும் ஒண்ணாத்தான் இருக்கு. வாசனையும் தெரியல. இருநூறு பேர் வருவாங்க.”

சாதாரணமாகத்தான் சொன்னார். திருமேனிநாதன் கட்டைக் கீழே வைத்தார். குழம்பை உள்ளங்கையில் வாங்கி வாயில் விட்டுக்கொண்டார்.

“என்னவோ மாதிரி இருக்கு அம்மா.”

“என்னவோன்னா நான் எதைப் போடுறது?”

மறுபடி வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“புளிப்பு சரியா இருக்கு. உப்பும் சரி. கசப்பு. ஆமா, கசப்பு.”

“எப்படிக் கசக்குது?”

“முதல்ல தெரியல. முழுங்கின பிறகு தொண்டையில நிக்குது. கரிஞ்ச மாதிரி.”

“வெந்தயம் தீஞ்சிருக்கு” என்றார் உலகம்மை.

மேலே மிதந்த தாளிப்பை அகப்பையால் வழித்து எடுத்தார். ஒரு கட்டி வெல்லத்தைத் தட்டிப் போட்டார். தேங்காயை அரைத்துக் கரைத்து விட்டார். கொதித்ததும் கரண்டியை நீட்டினார்.

“இப்போ?”

“இன்னும் லேசா இருக்கு.”

இன்னும் கொஞ்சம் வெல்லம்.

“இப்போ?”

திருமேனிநாதன் வாங்கிக் குடித்தார். உள்ளங்கையை ஒருமுறை நக்கினார். பிறகுதான் அதைக் கவனித்து வெட்கப்பட்டார். உலகம்மை சிரித்துவிட்டார்.

பந்தியில் திருமேனிநாதனே வாளி தூக்கிப் பரிமாறினார். இரண்டாம் முறை குழம்பு கேட்காத இலை இல்லை. கடைசிப் பந்தியில் இருவரும் உட்கார்ந்தார்கள். உலகம்மை சோற்றைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டார்.

“உங்களுக்கு எதுவுமே தெரியலையா அம்மா?”

“சூடு தெரியுது.”

திருமேனிநாதன் பிசைந்த கையை நிறுத்தினார்.

“அப்போ நான் கசப்புன்னு சொன்னப்போ, உங்களுக்கு என்னதான் வந்து சேர்ந்துச்சு? என் வாயில இருந்தது உங்களுக்கு வரலையே.”

“நாக்குக்கு வரல ஐயா” என்றார் உலகம்மை. “கைக்கு வந்துச்சு.”