மேல்மலைக்கு வந்த வேனில் முரசு

முன்னொரு காலத்தில், பாதி சமவெளியும் பாதி மலையுமான பெரிய நாடு ஒன்றைக் குலவர்த்தனன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் தனக்கு வியர்த்தால் நாட்டுக்கே வியர்க்கிறது என்று நினைப்பவன்.

அந்த நாட்டில் பனிக்காலம் முழுக்க வீட்டு நடுவில் கணப்பு எரியும். பனி உருகியதும் அந்தந்த ஊர் வேனில் முரசு அடிக்கும். உடனே கணப்பை அணைத்துவிடுவார்கள். ராஜாவுக்கு இது பிடிக்கவில்லை. "ராஜா ஒருவன், வேனிலும் ஒன்றுதான்" என்று, சமவெளியில் பனி உருகியதுமே எல்லா ஊரிலும் ஒரே நாளில் முரசடிக்க வைத்தான்.

அமைச்சர் சேந்தனார் மலையில் பிறந்தவர். அவரைக் கண்டாலே ஆகாத தளபதி மாதண்டன் கோள் மூட்டினான். "மகாராஜா, மேல்மலையில் இன்னும் புகை எழும்புகிறது. எல்லாம் அமைச்சரின் ஊர்க்காரர்கள்! கணப்பு எரிகிற வீடுகளை இடித்துத் தள்ளுங்கள்."

"தாராளமாக இடிக்கலாம்," என்றார் சேந்தனார். "ஆனால் ஒரே ஒரு வீட்டில் அணைத்துவிட்டார்களாம். முதலில் அங்கே போய்த் தங்கள் கையால் பரிசு கொடுக்க வேண்டாமா?"

ராஜா உச்சி குளிர்ந்து, மெல்லிய பட்டு உடுத்திக் கிளம்பினான். பாதி மலை ஏறியதும் பனி கொட்டியது. "கம்பளி எங்கே?" என்றான்.

"வேனிலில் கம்பளியா? தங்கள் கட்டளையைத் தாங்களே மீறலாமா?" என்றார் சேந்தனார்.

"மாதண்டா, உனக்கு எப்படி இருக்கிறது?"

"பு... புழுக்கமாக இருக்கிறது, மகாராஜா!" மாதண்டனின் பற்கள் தந்தியடித்தன.

"அப்படியானால் உன் போர்வையைக் கொடு." அதைப் போர்த்திக்கொண்டு ராஜா சிரித்தான். "தோற்றேன், சேந்தனாரே. ஒரு வீட்டையும் இடிக்க மாட்டேன். வந்ததற்குப் பரிசைக் கொடுத்துவிட்டுத் திரும்புவோம்."

அந்த வீட்டில் சடைச்சி என்ற பெண் குளிர்ந்த கணப்பின் அருகே தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"நீ மட்டும் ஏனம்மா அணைத்தாய்?" என்று கேட்டான் ராஜா.

"ராஜா சொன்னா காரணம் இருக்கும்னு நெனச்சேன், சாமி. கொழந்த குளுருதுன்னுச்சு. வேனில் வந்துருச்சு, தூங்கு கண்ணுன்னு சொன்னேன்."

"குழந்தை எங்கே?"

அவள் கொல்லைப்பக்கம் கை காட்டினாள். அங்கே பனி மூடிய சின்ன மண்மேடு இருந்தது.

சேந்தனாருக்கு இது தெரியாது. வழியெல்லாம் கேலி பேசி வந்ததை நினைத்து அழுதார்.

"இனி அந்தந்த மலை தன் முரசைத் தானே அடித்துக்கொள்ளட்டும்," என்ற ராஜா, தனக்குப் புத்தி புகட்டியதற்குப் பரிசாகத் தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான். "வேண்டாம் மகாராஜா, என் புத்தி பிந்திவிட்டது," என்று அவர் விலகிக்கொண்டார்.

ஊரார் பார்க்க மாதண்டன் விறகு சுமந்து வந்தான். ராஜா மண்டியிட்டுத் தானே கணப்பை ஊதினான்.

சடைச்சி கேட்டாள், "இனி யாருக்கு, சாமி?"