புலிக் கடைக்கு வழி

குரு மாடியில் இருந்தார். கீழே பஞ்சர் கடை.

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேட வேண்டாம். நஸ்ரீன் டீச்சருக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. காலையில் ஒரு மில் ஆபீசில் வேலை. மத்தியானம் மூன்று மணிக்கு வந்து மாடிக் கதவைத் திறந்து, அருப்புக்கோட்டைக் கடைக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரும் போனும் சொல்லித் தருவார். வியாபாரம் கொட்டாவி விடுகிற நேரம் அது. சீடர்களுக்கு அதுதான் தோது.

சீடர்களில் மூத்தவர் கனகவேல். வயது ஐம்பத்து நாலு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மாறுவேட உடை வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தார். ராஜா, ராணி, மயில், போலீஸ், கத்தரிக்காய் எல்லாம் உண்டு. புலி மட்டும் அவரே உட்கார்ந்து தைத்தது. அதன்மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

முன்பெல்லாம் ஆண்டு விழா மாதங்களில் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. இப்போது அம்மாக்கள் எதையும் போனில்தான் தேடுகிறார்கள். போனில் கனகவேல் இல்லை.

கடையில் பாதிப் பங்கு மச்சினன் பூபதிக்கு. அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

"இந்த ஆண்டு விழா சீசன் பாப்போம் அத்தான். ஆள் வரலைன்னா இதையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய துணிக்குப் போட்டுருவோம். மொபைல் கவர் விக்கலாம்."

புலி மூட்டைக்குள் போவதைக் கனகவேலால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அன்றைக்கே மாடிப்படி ஏறிவிட்டார்.

"டீச்சர், கடைக்கு ஆள் வரணும். என்ன செய்யணும்?"

"முதல்ல கடையைக் காட்டுங்க அண்ணாச்சி."

போனில் படம் எடுத்து வைத்திருந்தார். எல்லா உடையும் ஹேங்கரில் வரிசையாகத் தொங்கின. டீச்சர் பார்த்தார். தன் ஹெல்மெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது என்ன?"

"ஹெல்மெட்."

டீச்சர் அதை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைக் கையில் எடுத்தார்.

"இப்ப?"

"எங்கயோ கிளம்பிட்டீங்க டீச்சர்" என்றார் கனகவேல். சொன்ன கையோடு தன் போனைப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த புலியைப் பார்த்தார். அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை.

மறுநாள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கொண்டாட்டம். ரேஷன் கடைப் படியில் நின்று புலி உறுமியது. தண்ணீர்த் தொட்டி மேல் மயில் ஏறியது. கத்தரிக்காய் அழுதுகொண்டே ஐஸ் சாப்பிட்டது. கனகவேல் குனிந்தும் மண்டியிட்டும் படம் எடுத்துத் தள்ளினார். அந்த உற்சாகத்தில் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

அடுத்து, படத்துக்குக் கீழே போட எழுதிக்கொண்டு வந்தார். 'எங்களிடம் அனைத்து வகையான தரமான மாறுவேட உடைகளும் நியாயமான வாடகைக்குக் கிடைக்கும்.' எழுதியதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

டீச்சர் படித்தார். "உங்களுக்குப் போன் பண்ற அம்மாக்கள் என்ன கேப்பாங்க?"

"கேக்க எங்க செய்றாங்க, புலம்புவாங்க. 'அண்ணே, நாளைக்குக் காலைல விழா, மிஸ் இப்பத்தான் சொன்னாங்க, மயில் இருக்கா'ம்பாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"இருக்கும்மா, வாங்கன்னு சொல்வேன்."

"அதை எழுதுங்க."

கனகவேல் எழுதினார். 'நாளைக்குக் காலையில் விழாவா? மயில் இருக்கிறது. வாங்க.' எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாத்திரக் கடைக்காரர் "இருந்தா ஒண்ணு எடுத்து வைங்க" என்றார்.

மூன்றாவது பாடம் மேப். கடையை மேப்பில் ஏற்ற வேண்டும். டீச்சர் வேறொருவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்க, பொறுமையில்லாத நம் சீடர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தானே இறங்கிவிட்டார். கடையின் பெயரைப் போட்டார். படங்களை ஏற்றினார். நம்பரைக் கொடுத்தார். நீங்கள் இப்போது இருக்கும் இடம்தானா என்று போன் கேட்டது. கனகவேல் பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஆமாம் என்று அழுத்தினார்.

கேட்ட சரிபார்ப்பெல்லாம் முடிந்து கடை மேப்பில் ஏறியது. அப்புறம் பாருங்கள், போன் மணி அடிக்க ஆரம்பித்தது.

"புலி இருக்கா?"

"இருக்கும்மா, வாங்க."

"மயில் இருக்கா? எங்க பாப்பா கொஞ்சம் குண்டு."

"எல்லா அளவும் இருக்கு, வாங்க."

கனகவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையைக் கூட்டிப் பெருக்கினார். தன் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்துகொண்டார். அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடைக்கு யார் வந்தாலும் அவர் அதை விட்டு எழுந்ததே கிடையாது. அவர் தலைக்கு மேலே ஒரு போர்டு தொங்கும். 'கிழிந்தால் முழு விலை.' வருகிறவர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டும். மற்றப் பேச்செல்லாம் பிறகுதான்.

ஆனால் படிக்க ஒருவரும் வரவில்லை. வந்துகொண்டே இருக்கிறோம் என்பார்கள். வரமாட்டார்கள். ஒரு நாள் காலையில் ஒரு பெண் போன் பண்ணினாள்.

"அண்ணே, வாசல்ல நிக்கிறோம். கடை பூட்டியிருக்கே."

கனகவேல் நிமிர்ந்து தன் வாசலைப் பார்த்தார். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது.

"திறந்துதாம்மா இருக்கு. நல்லா பாருங்க."

"நல்லா பாத்துட்டுதான் சொல்றேன். பூட்டு தொங்குது."

"கண்ணை எங்க வச்சுட்டு வந்தீங்க? நான் உள்ளதான் உக்காந்திருக்கேன்."

போன் துண்டிக்கப்பட்டது. எவளோ விளையாடுகிறாள் என்று கனகவேலுக்கு ஆத்திரம் வந்தது. போதாததற்கு அந்த நேரம் பார்த்துப் பூபதி அளவு டேப்போடு உள்ளே வந்தான். மொபைல் கவர் மாட்டச் சுவரை அளக்க வேண்டுமாம்.

மூன்று மணிக்குக் கனகவேல் மாடி ஏறியபோது முகம் செத்துப்போயிருந்தது.

"சொன்னதெல்லாம் செஞ்சேன் டீச்சர். கூப்பிடுறாங்க. வர்றேங்கிறாங்க. ஒருத்தரும் வரலை. என் புலி மூட்டைக்குள்ள போகப்போகுது."

டீச்சர் அன்றைக்குப் படி ஏறும்போதே பஞ்சர் கடைச் சோலையப்பன் அவரிடம் ஏதோ முறையிட்டிருந்தான். அதைப் பற்றி டீச்சர் வாய் திறக்கவில்லை.

"அண்ணாச்சி, இப்பப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. போன்ல உங்க கடையைத் தேடுங்க. அது காட்டுற வழியிலேயே கடைக்குப் போங்க."

"என் கடைக்கு எனக்கு வழி தெரியாதா டீச்சர்?"

"தெரியும். தெரியாத மாதிரி போங்க. நடந்தே போங்க."

குரு சொன்னால் சொன்னதுதான். கனகவேல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றார். போனில் தன் கடையைத் தேடினார். புலி படத்தோடு வந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. போன் பேச ஆரம்பித்தது.

'நேராகச் செல்லவும்.'

சென்றார். வெயில் பிடரியில் சுட்டது.

'இடதுபுறம் திரும்பவும்.'

"வலது பக்கம்ல போகணும்" என்றார் கனகவேல்.

'இடதுபுறம் திரும்பவும்' என்றது போன் மறுபடியும். அதற்கென்ன கோபமா வரும். அவருக்குத்தான் வந்தது. ஆனாலும் டீச்சர் தெரியாத மாதிரி போகச் சொல்லியிருக்கிறாரே. இடதுபுறம் திரும்பினார். ஒரு சந்து, அதற்குள் இன்னொரு சந்து. எதிரே வந்த மாட்டுக்காக ஒதுங்கினார். நாக்கு வறண்டது. சொந்த ஊரில், சொந்தக் கடைக்கு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தார். கையில் ஒரு பிள்ளையும் இருந்து, அது நடக்க மாட்டேன் என்று அழுதால் எப்படியிருக்கும் என்று ஏனோ நினைத்துக்கொண்டார்.

'நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது.'

நிமிர்ந்தார். பஞ்சர் கடை.

டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்த சோலையப்பன் தலையைத் தூக்கினான். "நீங்களும் புலிதான் கேக்கப் போறீங்களா அண்ணாச்சி? தினமும் காலைல இதே ரோதனை. பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து புலி எங்க, மயில் எங்கன்னு என்னைக் கேக்குறாங்க. மாடி ஏறிப் பூட்டைப் பாத்துட்டுத் திட்டிக்கிட்டே போறாங்க. நானா கண்டேன் மயிலை?"

கனகவேல் அண்ணாந்து மாடியைப் பார்த்தார். மெதுவாகப் படி ஏறினார். மாடியில் கதவு திறந்திருந்தது. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க. என்ன வேஷம் வேணும்?"

பெஞ்சில் உட்கார்ந்து ஆமாம் என்று அழுத்தியது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கே இருக்கிறாய் என்று போன் கேட்டது. இருந்த இடத்தைச் சொன்னார். காலையில் போன் பண்ணிய பெண்ணும் ஞாபகத்துக்கு வந்தாள். கண்ணை எங்கே வைத்தாய் என்று கேட்டோமே என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த நேரம் படியில் செருப்புச் சத்தம். ஒரு பெண் மூச்சு வாங்க ஏறி வந்தாள். கையில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி.

"இங்க வேஷம் வாடகைக்கு விடுறது..." என்று ஆரம்பித்தவள் கம்ப்யூட்டர்களைப் பார்த்து நின்றுவிட்டாள். "காலைலயும் வந்தோம். பூட்டியிருந்துச்சு. போன் பண்ணா ஒரு ஆள் வள்ளுன்னு விழுந்தாரு. எனக்கு வெறுத்தே போச்சு. இவதான் அந்தப் படத்துல இருக்குற புலிதான் வேணும்னு ஒரே பிடிவாதம். நாளைக்கு விழா."

டீச்சர் கனகவேலைப் பார்த்தார்.

கனகவேல் மூலையிலிருந்த பானைப் பக்கம் போனார். ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். இன்னொரு டம்ளர் சிறுமிக்கு. அவருக்கே தொண்டை காய்ந்துதான் கிடந்தது.

"முதல்ல உக்காருங்கம்மா. வெயில்ல ரெண்டு தடவை அலைஞ்சிருக்கீங்க. வள்ளுன்னு விழுந்த ஆள் நான்தான். கடை வேற இடத்துல இருக்கு. தப்பும் என்னோடதுதான். நானே கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டத்தான் வாயெடுத்தாள். தண்ணீர் குடித்த வாய் என்பதாலோ என்னவோ, "புலி இருக்குதானே?" என்று மட்டும் கேட்டாள்.

"உறுமிக்கிட்டு இருக்கு."

சிறுமி டம்ளரை வைத்துவிட்டு முதல் ஆளாகப் படி இறங்கினாள். கீழே சோலையப்பன் முன்னால் இரண்டு பையன்களோடு ஒருவர் வழி தெரியாமல் நின்றிருந்தார். கனகவேல் அவரையும் கூப்பிட்டுக்கொண்டார். சந்து முனையில் இன்னொரு அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சேர்ந்துகொண்டாள். பிள்ளைகளும் பெற்றவர்களுமாக ஒரு கூட்டம் பின்னால் வர, கனகவேல் முன்னால் நடந்தார். தேர் இழுக்கிற ஆள் மாதிரி அவருக்கு மார்பு விரிந்தது.

கடைக்குள் பூபதி மறுபடியும் ஸ்டூல்மேல் ஏறிச் சுவரை அளந்துகொண்டிருந்தான். கனகவேல் நாற்காலிப் பக்கமே போகவில்லை. மண்டி போட்டுச் சிறுமிக்குப் புலியை மாட்டிவிட்டார். வாலைக் கட்டினார். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், திரும்பினாள், பூபதியைப் பார்த்து உறுமினாள். அவன் டேப்பைப் போட்டுவிட்டு ஸ்டூலிலிருந்து குதித்தே விட்டான். கடை முழுக்கச் சிரிப்பு. இரண்டு பையன்களும் தங்களுக்கும் புலிதான் வேண்டும் என்றார்கள்.

"அளந்தது போதும் மாப்ள" என்றார் கனகவேல். "அந்த மயில் தோகையைத் தூக்கிப் பிடி."

பூபதி தூக்கிப் பிடித்தான்.

கூட்டம் போனதும் கனகவேல் தன் கடை வாசற்படியில் போய் நின்றார். போனை எடுத்து, தான் நிற்கும் இடத்தைச் சரியாகப் பார்த்து மாற்றினார். அதோடு விடவில்லை. 'நீல ஷட்டர். வாசலில் புலி நிற்கும். வழி தெரியாவிட்டால் நின்ற இடத்திலிருந்தே கூப்பிடுங்கள், நான் வருகிறேன்' என்று ஒரு வரி சேர்த்தார். மறுநாள் முதல் வாசலில் ஒரு புலி நின்றது. 'கிழிந்தால் முழு விலை' இருந்த இடத்துக்குக் கீழே ஒரு தண்ணீர்ப் பானை வந்தது. போர்டைக் கழற்றியது பூபதி. மயில் தோகை மாட்ட ஆணி வேண்டுமாம்.

அந்த ஆண்டு விழா சீசனில் கனகவேலுக்கு வகுப்புக்கு வர நேரமே இல்லை. சீசன் ஓய்ந்த பிறகு ஒரு மத்தியானம் மாடி ஏறினார். கையில் இனிப்புப் பொட்டலம். முகத்தில் சந்தோஷம் வழிந்தது. ஆனாலும் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"நான் இடத்தைத் தப்பாப் போட்டது உங்களுக்கு அன்னிக்கே தெரியும்ல?"

"தெரியும். சோலையப்பன் சொன்னார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இங்க உக்காந்தே மாத்தியிருப்பேனே. எதுக்கு என்னை அந்த வெயில்ல நடக்க விட்டீங்க?"

டீச்சர் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு லட்டை எடுத்து அவரிடமே நீட்டினார்.

"மாத்தியிருப்பீங்க அண்ணாச்சி. அந்தம்மாவுக்குத் தண்ணி கொடுத்திருக்க மாட்டீங்க."