குதிகால் குடித்த மருந்து

முன்னொரு காலத்தில் மதிவர்மர் என்றோர் அரசர் இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். வயிறு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

அரசருக்கு வயிறு புண்ணாகிக் கிடந்தது. ஒரு வாய் சோறு இறங்கினாலும் நெஞ்சுவரை எரிந்தது. அப்படியும் பொழுது சாய்ந்தால் திராட்சை மது வேண்டும். ருசிக்காகக் குடித்தவர் அல்லர், பாவம். இளவரசராக இருந்தபோது, எல்லைக்கு அப்பால் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து, கூட்டாளிகளோடு பாட்டும் கூத்துமாகக் குடித்தவர். அவர்களில் விகடகவி மருதப்பன் ஒருவன்தான் மிச்சம். மற்றவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கிண்ணத்தை எடுத்தால் அவர்கள் முகம் தெரிகிறது என்பார் அரசர்.

குடிக்காதீர்கள் என்று மருதப்பன் தினமும் மன்றாடுவான். அந்த உரிமை அவனுக்கு இருப்பதைக் கண்டு மதுசாலை அதிகாரி திம்மராயருக்கு வயிற்றெரிச்சல். அது வேறு எரிச்சல். அதற்கு எந்த நாட்டிலும் மருந்து கிடையாது.

ஒருநாள் ராயர் புதுக் குடுவையோடு சபைக்கு வந்தார். "மகாராஜா, இது மது அன்று, மருந்து. எந்தப் புண்ணில் பட்டாலும் குளிரும். இதைத் தடுப்பவன் தங்கள் உயிருக்கே பகைவன். அவனை நாடு கடத்த ஆணையிட வேண்டும்" என்றார்.

குடிக்கச் சாக்குக் கிடைத்தால் அரசர் விடுவாரா? "அப்படியே ஆகட்டும். இந்த மருந்தை வேண்டாம் என்பவர் எவராயினும், இன்று பொழுது சாய்வதற்குள் நம் எல்லையைத் தாண்ட வேண்டும்!"

ராயர் மருதப்பனைப் பார்த்து மீசையை முறுக்கினார். வாயைத் திறந்தால் நாடு போகும். மூடினால் அரசர் போய்விடுவார். மிஞ்சியிருக்கும் ஒரே நண்பரையும் தூக்கிக் கொடுக்க மருதப்பனுக்கு மனம் வரவில்லை.

"ஆணை சிரமேல், மகாராஜா. ஆனால் மருந்து கொண்டுவந்தவர் முதலில் தம்மீது சோதித்துக் காட்டுவது அரண்மனை வழக்கம் அல்லவா?"

"அதற்கென்ன!" என்று ராயர் ஒரு கிண்ணத்தை நிரப்பி மடமடவென்று குடித்தார்.

"ராயர் வயிற்றில் புண் இல்லையே! மருந்தைப் புண்ணில் அல்லவா சோதிக்க வேண்டும்?" என்றான் மருதப்பன்.

ராயர் அன்று புதுச் செருப்பு கடித்து, குதிகால் தோலுரிந்து, நொண்டிக்கொண்டு வந்ததை அவன் வாசலிலேயே பார்த்திருந்தான். பயபக்தியோடு குனிந்து, குடுவையை அந்தக் குதிகாலில் கவிழ்த்தான்.

"ஐயோ, அம்மா! எரியுதே! வேண்டாம், இந்தப் பாழாய்ப்போன மருந்தே வேண்டாம்!" என்று ராயர் சபை முழுக்க ஒற்றைக்காலில் குதித்தார்.

மருதப்பன் கைகட்டி நின்றான். "நான் ஒன்றும் சொல்லவில்லை, மகாராஜா. வேண்டாம் என்றவர் ராயர். வெளிப் புண்ணுக்காகக் கத்த அவருக்கு வாய் இருக்கிறது. தங்கள் உள் புண்ணுக்காகக் கத்த யார் இருக்கிறார்கள்?"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த கண்ணிலேயே அழுகையும் வந்தது. "இதை விட்டால் அவர்கள் முகத்தை நான் எங்கே பார்ப்பேன், மருதப்பா?"

"ஆற்றில் வெள்ளம் வந்து மதுச்சாடிகளையெல்லாம் அடித்துக்கொண்டு போன அன்று என்ன குடித்தோம், மகாராஜா?"

அரசர் யோசித்தார். "நீராகாரம்! நம் கூட்டாளி காளத்தி அதைக் குடித்துவிட்டுப் போதை ஏறியவன்போல ஆடினானே! அன்று சிரித்த சிரிப்பு..." பிறகு தம் பொற்கிண்ணத்தை நீட்டினார். "இது உனக்குப் பரிசு. இந்த மருந்து எனக்கும் வேண்டாம்."

"மகாராஜா!" என்று மருதப்பன் பதறினான். "எவராயினும் என்றல்லவா ஆணை? தாங்களும் எல்லையைத் தாண்ட வேண்டுமே!"

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "தாண்டுவோம்! நம் ஆற்றங்கரை அங்கேதானே இருக்கிறது? பூட்டுங்கள் தேரை! குதிகாலில் வெண்ணெய் தடவி ராயரையும் ஏற்றுங்கள்!"

பொழுது சாயும் நேரத்தில், பழைய கூடாரம் இருந்த மணலில் மூவரும் உட்கார்ந்தார்கள். நீராகாரப் பானையைக் கொண்டுவந்தவர் திம்மராயர். ஆகவே வழக்கப்படி முதல் கிண்ணத்தை அவரே குடித்துக் காட்டினார்.