பலகைத் தளத்தில் பூசணம்

மூன்றாம் தடவையும் பூசணம் வந்தபோது, நாச்சிமுத்துவுக்கு அது தன்னை மட்டும் தேடி வந்த வம்பாகவே பட்டது.

வால்பாறை மலையில், தேயிலைச் சரிவைப் பார்த்தபடி இருந்தது அந்தக் குடில். முன்னால் திறந்தவெளியில் ஒரு பலகைத் தளம். குருவாக இருந்த ஐயாவின் காலத்தில் நாச்சிமுத்து தன் கையால் அடித்தது. ஐயா போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இப்போது குரு மயிலம்மாள். நாச்சிமுத்துவைவிட இருபது வயது சின்னவர். மனுஷன் ஒரு நாளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

தியானத்துக்கு வந்த ஒரு பெண் போன வாரம் தளத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். குடிலின் நிர்வாகத்தைப் பார்க்கும் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“சனிக்கிழமை வந்து பாப்பேன். அப்பவும் வழுக்குச்சுன்னா பலகையப் பேத்துட்டு சிமெண்ட் போட்டுருவோம்.”

நாச்சிமுத்து உடனே வேலையில் இறங்கினார். பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார். கம்பி பிரஷ்ஷால் வெறி பிடித்தவர் மாதிரி தேய்த்தார். பூசணம் போனது. ஒரு மழை பெய்ததும், கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரன் மாதிரி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

மயிலம்மாளிடம் போனார்.

“இந்தப் பூசணம் எப்பத்தானுங்கம்மா போகும்?”

“போறது இருக்கட்டும். அது வர்றதுக்கு நீங்க என்னென்ன பண்றீங்க?”

“நானா? தேச்சுத் தேச்சுக் கை காப்புக் காச்சுப் போச்சுங்க!”

மயிலம்மாள் கம்பி பிரஷ்ஷை வாங்கி ஓரமாக வைத்தார்.

“இது மரத்தைக் கீறுது. கீறின கோட்டுலதான் ஈரம் தங்குது.”

ஒரு பழைய குடைக்கம்பியை எடுத்துக்கொண்டு குனிந்தார். பலகை இடுக்குகளில் மக்கிக் கிடந்த இலைகளை நோண்டி எடுக்க ஆரம்பித்தார். நாச்சிமுத்துவும் பக்கத்தில் உட்கார்ந்தார். மத்தியானம் வரை நோண்டினார்கள். பிறகு சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாருமாக, மரத்தின் ரேகை ஓடும் பக்கமே மெல்லத் தேய்த்தார்கள். மேலே கவிந்திருந்த கிளையைக் கழித்தார்கள். வெயில் வந்து விழுந்தது. தளம் காய்ந்து வெளுத்ததைப் பார்க்க நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலையில், கிழக்கு மூலையில் மறுபடியும் கறுப்பு.

“எங்கிருந்துதானுங்கம்மா வருது?”

“அடியில போய்ப் பாருங்கண்ணா.”

டார்ச்சை எடுத்துக்கொண்டு தளத்துக்கு அடியில் தவழ்ந்து போனார். எல்லாப் பலகையும் காய்ந்திருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே மரம் ஊறி நசநசவென்று கிடந்தது. அதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

ஐயா உட்காரும் தேக்கு மணை. கம்பளி விரித்து, அதன்மேல் போட்டு, தினமும் நாச்சிமுத்துவே பூ வைத்துத் தீர்த்தம் தெளிக்கும் மணை. ஐயா போனதிலிருந்து அதை யாரும் நகர்த்தியதில்லை. தளத்தைத் தேய்க்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் தேய்த்தார். மயிலம்மாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வெளியே வந்தபோது நாச்சிமுத்துவின் கண்ணில் நீர் கோத்திருந்தது.

“அதை நான் தொடமாட்டேனுங்க. ஐயாவோட இடம் அது. அதையும் எடுத்துட்டா, அவருக்குன்னு இங்க என்னங்க இருக்கு?”

மயிலம்மாள் மணைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

“ஐயா இருக்கறப்ப இங்க பூசணம் வந்துச்சாண்ணா?”

“இல்லீங்க.”

“அப்பவும் இதே மழைதான?”

“ஆமாங்க.”

“மணை எங்க கெடந்துச்சு?”

“காலைல இந்த மூலைங்க. அவருக்குத்தான் குளிர் ஒத்துக்காதே. வெயில் நகர நகர மணையத் தூக்கிட்டு அவரும் நகருவாரு. சாயங்காலம் அந்தக் கடைசிக்குப் போயிருவாரு. தெனமும் கம்பளிய உதறிக் காயப் போட்டு…”

சொல்லச் சொல்ல நாச்சிமுத்துவின் குரல் இறங்கிப் போனது.

“ஒரு பக்கம் பிடிங்க,” என்றார் மயிலம்மாள்.

தூக்கினார்கள். கம்பளி பலகையை விட்டு வர மனசில்லாமல் பிய்ந்து வந்தது. அடியில் பூசணம் கரேலென்று அப்பியிருந்தது. நாச்சிமுத்து அழுதுகொண்டே தேய்த்தார். தேய்த்து முடித்தபோது, ஏனென்று தெரியவில்லை, மனசு லேசாக இருந்தது.

சனிக்கிழமை தலைவர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, மூலை மூலையாகக் காலை அழுத்தி இழுத்துப் பார்த்தார். “பலகையே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்க உள்ளே போனார்.

நாச்சிமுத்து காய்ந்த மணையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

“வர்றவங்க, ஐயா உக்காந்த இடம் எதுன்னு கேப்பாங்களேங்கம்மா. எதைக் காட்டறது?”

“மணி என்னன்னு பாத்துட்டுக் காட்டுங்க,” என்றார் மயிலம்மாள்.